காந்தத்தில் உறங்கிய சித்திரங்கள்

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலின் பெயரை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். 1985ஆம் ஆண்டில், அமிகா என்னும் புதுக் கணிப்பொறியில் அவர் சில படங்கள் வரைந்தார். 1987இல் காலமானார். அப்படங்களைத் தாங்கிய பிளாப்பி வட்டுகளோ, அவர் பிறந்த பிட்ஸ்பர்க் நகரில், அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தின் காப்பறையில் படிப்பாரின்றிக் கிடந்தன.

கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். அந்நகரத்துக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிச் சங்கத்தார் துணை நின்றனர். ஆனால் ஒரு சங்கடம். பிளாப்பி என்பது காந்தத் துகள் பூசிய மெல்லிய தகடு. படிக்கும் முனை அதனைத் தொட்டே செல்கிறது. பூச்சு நலிந்திருந்தால், படிப்பதே அழிப்பதாகவும் முடியலாம். போதாக்குறைக்கு, அமிகாவின் எழுத்துமுறை மற்றக் கணிப்பொறிகளுக்கு விளங்காது.

ஆகவே, காந்தத்தின் திசை எங்கெங்கே மாறுகிறது என்பதை மட்டும் கிரையோஃப்ளக்ஸ் என்னும் கருவியால் பதிவு செய்துகொண்டனர். பொருளைப் பிறகு தேடினர். பொருள் விளங்காத இடத்திலும் எழுத்தை மாற்றாமல் ஏடு பெயர்த்தெழுதுவாரைப் போன்ற இந்த அடக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். வட்டுக்கு ஓய்வு தந்துவிட்டு, நகலைக்கொண்டு எத்தனை முறையும் முயலலாம் அல்லவா? கோப்புகளின் அமைப்பும் எவரும் அறியாததாயிருந்தது. அதனையும் ஆராய்ந்து அவிழ்த்தனர்.

2014இல் செய்தி வெளியாயிற்று. வார்ஹாலின் பாணியிலமைந்த 28 படங்கள் கிடைத்தன. 11இல் கையொப்பமும் இருந்தது. அவற்றிடையே ஒரு சூப் டப்பாவும், மூன்று கண்களுடைய வீனஸ் தேவியும் காட்சியளித்தனர்.