பாட்டு ஆருடைய வாயில இருக்கு?



ஜனெல் மொனே 2018இல் வெளியிட்ட 'டேர்ட்டி கொம்பியூட்டர்' அல்பத்தை உங்களில் கனபேர் கேட்டிருப்பீங்கள். அதோடு சேர்ந்து ஒரு படமும் வந்தது, ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இண்டைக்கு அந்தப் படத்திலிருந்து தொடங்குவம்.

கதை எதிர்காலத்தில் நடக்குது. தனக்கு ஒத்துவராத ஆட்களை அரசு 'அழுக்குக் கணினி' எண்டு பெயர் வைத்துப் பிடிக்கும். பிடித்து, நினைவுகளை ஒவ்வொன்றாக அழித்துச் 'சுத்தம்' செய்யும். ஜேன் 57821 என்ற கறுப்பினப் பெண்ணைப் படுக்கவைத்து, இரண்டு பணியாளர்கள் அவளுடைய நினைவுகளைத் திரையில் பார்த்துப் பார்த்து அழிக்கிறார்கள். அந்த நினைவுகள்தான் அல்பத்தின் பாட்டுகள். அவள் ஆரோடு ஆடினாள், ஆரைக் காதலித்தாள் என்பதற்கு அவைதான் சாட்சி. அரசு பாட்டுக்குப் பயப்படுவது அதனால்தான்.

இதில ஒரு கேள்வி வரும். இந்த அல்பத்தை வெளியிட்டதில் வோர்னர் குழுமத்தின் அட்லாண்டிக் நிறுவனமும் இருக்கு. எதிர்ப்பையும் சரக்காக்கி விற்கிற முதலாளித்துவம்தானே இது? ஓம், அதுதான். இயர்போனை மாட்டிக்கொண்டு தனியக் கேட்டுவிட்டுப் போனால், எதிர்ப்பும் காதோடு முடிஞ்சுபோகும்.

ஆனால் மொனேயும் வொண்டாலாண்ட் குழுவும் 2015இல் 'ஹெல் யூ டோம்பவுட்' எண்டு இன்னொரு பாட்டை வெளியிட்டிருந்தார்கள். மேளம், கூட்டுக்குரல், பொலிசாலும் இனவெறியாலும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள். அவ்வளவுதான். சங்கீதம் படிச்சிருக்கத் தேவையில்லை, ஊர்வலத்தில் நடந்துகொண்டே பாடலாம். கொல்லப்பட்ட பெண்களின் பெயர்கள் வெளியில் வருவதில்லை என்பதால், 2021இல் 61 பெண்கள், சிறுமிகளின் பெயர்களோடு 17 நிமிடப் பாட்டாக அதைத் திரும்பவும் பாடினார்கள்.

படத்தில் ஒருத்தியின் தலைக்குள் இருந்த நினைவை அழிக்க இரண்டு பேர் போதும். தெருவில் ஆயிரம் பேர் பாடுற பெயரை அப்படி அழிக்கேலாது.

எங்களிடமும் பெயர்கள் இருக்கு. வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இலிருந்து தெருவோரத்தில் படங்களோடு இருக்கிறார்கள். நாங்கள் இங்க ஊர்வலத்தில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, போனில் வீடியோ எடுக்கிறம். பாடுறது ஆர்?

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பெயரோடு வாங்கோ. குடும்பத்திடம் கேட்டு, சரியான உச்சரிப்போடு கொண்டுவாங்கோ. மெட்டை எல்லாரும் சேர்ந்து போடுவம்.