இரணைமடு மண்ணும் ஆராய்ச்சியும்



இரணைமடு என்றதும் உருத்திரபுரத்து மக்களாகிய நாம் வாய்க்கால் தண்ணீரையே நினைக்கிறோம். ஆராய்ச்சியாளரோ அப்பெயரை ஒரு மண்படைக்கு இட்டுள்ளனர்: அடியிலே கிரவல், மேலே செம்மணல். தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்.

இதே படை தென்கரையில் புந்தலவிலும் உண்டு. மணல்மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை, அதனுள் அடங்கிய ஒளியை அளந்து அறிகிறார்கள். அங்குள்ள சிறு கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 28,000 ஆண்டு வயது. அதைக்கொண்டு எமது மண்ணுக்கும் வயது கட்டிவிடலாகாது, இங்கேயே அளக்கவேண்டும்.

கற்கருவி என்பது நகமளவு படிகச் சில்லுத்தான். கிரவல் தெருவிலே பரவியபின், அது எந்தப் படையில் கிடந்ததென்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல இயலாது. ஆகையால் கிரவல் வெட்டிய கிடங்குகளைப் பார்த்துவருவோம். கண்டதைப் பொறுக்காமல், இடத்தைக் குறித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம்.