சனிக்கிழமைச் சம்பளம் யார் பணம்?



திருப்பூரில் பனியன் தொழிலைப் பற்றி யார் மேடையேறினாலும், ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் கோடிகளைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பவர்டேபிள்காரரைப் பற்றி. வாடகைக் கட்டடத்தில் பதினைந்து இருபது மெஷின் போட்டிருப்பார். அடுத்தவர் வெட்டிக் கொடுத்த துணியைத் தைத்துக் கொடுத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அப்படிப்பட்டவர்கள் பலருக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அந்தக் கணக்குப் புத்தகங்களை வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

தொழில் நன்றாக ஓடுகிற நாளில் இவர் பணத்துக்கு என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. தொழில் படுத்துவிட்ட நாளிலும், சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சம்பளம் போட்டே ஆக வேண்டும். ஆர்டர் இல்லை, பில்லுக்குப் பணம் வரவில்லை. சம்பளம் மட்டும் நிற்பதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? யாருடைய பணம் அது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மாதம் 4 லட்சம் ரூபாய்க்குத் தைத்துக் கொடுக்கிறார். அதில் 3 லட்சம் சம்பளமாகவே போய்விடுகிறது. மிச்சமுள்ள ஒரு லட்சத்தில் வாடகை, கரண்ட், ஊசி, ரிப்பேர், அப்புறம் வீட்டுச் செலவு. சம்பளம் வாராவாரம் போகிறது. தைக்கக் கொடுத்த பார்ட்டி பில்லுக்குப் பணம் தருவது 90 நாள் கழித்து. ஆகவே எந்த நாளில் புத்தகத்தைத் திறந்தாலும் அவருக்கு வர வேண்டிய பாக்கி 12 லட்சம் நிற்கும். அதில் 9 லட்சம் அவர் ஏற்கெனவே கையிலிருந்து கொடுத்துவிட்ட சம்பளம். அந்த 9 லட்சத்தை நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் வெளியே புரட்டியிருந்தால், மாதம் 13,500 ரூபாய் வட்டி. இந்த வட்டியை அவர் யாருக்காகக் கட்டுகிறார்? தன் தொழிலுக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் பார்ட்டிக்காகக் கட்டுகிறார். சரக்கைக் கப்பலேற்றிய பெரிய கம்பெனிக்கு, இருபது மெஷின் வைத்திருப்பவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மந்தம் வந்தால் அந்த 90 நாள் 150 நாள் ஆகிறது. அவர் தையலில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் 9 லட்சம் 15 லட்சம் ஆகிறது. வட்டி 22,500 ஆகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆர்டர் குறைந்தால் தொழிலில் போடும் பணமும் குறைய வேண்டும். புது வேலைக்குச் சம்பளம் குறைவு, பழைய பாக்கி மாதாமாதம் வந்து சேரும். அப்படிப் பார்த்தால் மந்த காலத்தின் முதல் சில மாதங்களில் இவர் கையில் பணம் கொஞ்சம் சேர வேண்டும். ஏன் சேர்வதில்லை? பழைய பில்லைப் பிடித்துவைத்துக்கொண்டு புது ஆர்டரைக் காட்டுகிறார்கள். "ஆர்டரே இல்லாத நேரத்துல உங்களுக்குத்தான் வேலை குடுக்கிறேன், பழசை இப்பக் கேட்காதீங்க" என்ற ஒரு சொல்லில் 15 லட்சம் முடங்கிவிடுகிறது. கடன் கிடைக்கவில்லை என்பதுதான் சிறுதொழிலின் பிரச்சினை என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். அவருடைய சொந்தப் பணம் அவருக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அதற்கு முந்திய பிரச்சினை.

சரி, வங்கிக்குப் போகிறார். சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனம் எவ்வளவு தரலாம் என்பதற்கு, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன வழியை வங்கிகள் பல ஆண்டுகளாகப் பின்பற்றுகின்றன: எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 விழுக்காடு. விற்றுமுதல் சரிந்தால் வரம்பும் சரியும். பாக்கிகளைக் காட்டி எடுக்கலாம் என்றால், 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் வங்கி கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பார்ட்டி இழுத்தடிக்க இழுத்தடிக்க, வங்கி தரும் தொகையும் குறைகிறது. வங்கி மேலாளரை நான் குறை சொல்லவில்லை, அவர் விதிப்படி நடக்கிறார். ஆனால் அந்த விதி நல்ல காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

2020 மார்ச்சை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடின. தைத்து முடித்த சரக்கையே இப்போது அனுப்ப வேண்டாம் என்றார்கள். அடுத்து இங்கே ஊரடங்கு. மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 மார்ச்சில். 2020 மே 13-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக்காலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். 2020 பிப்ரவரி 29-இல் கடன் பாக்கி எவ்வளவு இருந்ததோ அதில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. தனியாக அடமானம் கேட்கவில்லை. வங்கியில் வட்டி 9.25 விழுக்காட்டைத் தாண்டவில்லை; அசலுக்கு ஓராண்டு அவகாசம். நல்ல திட்டம். அந்தப் பணம் வந்ததால் மூடாமல் தப்பித்த யூனிட்டுகளை நான் அறிவேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தவருக்குத்தான் அது. கடனே வாங்காமல் சிக்கனமாக ஓட்டியவருக்கு, பூஜ்ஜியத்தில் 20 விழுக்காடு பூஜ்ஜியம். கைமாற்றிலும் சீட்டிலும் தொழில் நடத்தியவருக்கும் அதேதான். அதோடு, அதுவும் கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். 12 லட்சம் பாக்கி வர வேண்டியவர் கையில் இன்னொரு கடனைக் கொடுத்து அனுப்பினோம். அந்த 12 லட்சத்தை வைத்திருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வங்கியில் கிடைக்காதவர் எங்கே போவார்? முதலில் சீட்டு. ஏலச்சீட்டைத் திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்ட மாட்டேன். முறையாக நடக்கிற சீட்டு நம் ஊர்த் தொழிலை வளர்த்திருக்கிறது. முதல் மெஷினைச் சீட்டுப் பணத்தில் வாங்கியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். ஆனால் மந்த காலத்தில் சீட்டின் குணம் மாறிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படுகிறது. ஏலத்தில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு தள்ளிக் கேட்கிறார்கள். 5 லட்சம் சீட்டை மூன்றரை லட்சத்துக்கு எடுக்கிறார்கள். தள்ளுபடியான ஒன்றரை லட்சத்தில் கமிஷன் போக மிச்சம், சீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பங்காகப் போகிறது. எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும்.

அதற்கும் அப்பால் தண்டல். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். இந்தக் கொடுமையைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டலும் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பணம் தருகிறவர் யார் என்று பார்த்தால், பல தெருக்களில் தண்டல்காரர் ஒருவர்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. தாய்மார்களே, நான் இன்று மேடையேறியது முக்கியமாக அதைச் சொல்லத்தான். உங்கள் நகை.

2020 ஆகஸ்ட் மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகளில் விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு, நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை என்றிருந்த வரம்பை 90 விழுக்காடாக உயர்த்தியது. 2021 மார்ச் 31 வரை அது நடப்பில் இருந்தது. சிறுதொழில் யாருடைய பணத்தில் மூச்சுவிடுகிறது என்பது அந்தச் சுற்றறிக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கத்தின் விலையும் அப்போது ஏறியிருந்தது. வளையலும் ஆரமும் வங்கிக்குப் போயின, சனிக்கிழமைச் சம்பளம் வந்தது. தொழில் திரும்பியவர்கள் மீட்டார்கள். திரும்பாதவர்கள் மறு அடகு வைத்தார்கள், வட்டியை மட்டும் கட்டினார்கள். சிலருடைய நகை மூழ்கிப் போனது.

நான் கணக்கு எழுதுகிற புத்தகத்தில் அந்த நகை எங்கேயும் இல்லை. நகைக்கடனாக வந்த 2 லட்சம் ரூபாய் எப்படிப் பதிவாகிறது தெரியுமா? உரிமையாளர் மூலதனம் என்று. கணவன் பெயரில், கணவன் போட்ட முதலாக. தாய் வீட்டிலிருந்து வந்த நகையை, பிள்ளைக்கென்று சேர்த்த நகையைக் கழற்றிக் கொடுத்தவர் பெயர் அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை. தொழில் நிமிர்ந்ததும் முதலில் புது மெஷின் வருகிறது, அப்புறம் வண்டி வருகிறது. நகை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆகிறது. கேட்டால், "வீட்டு விஷயம்தானுங்களே" என்கிறார்கள்.

வீட்டு விஷயம் இல்லை. அது கடன். என்னிடம் கணக்கு எழுதக் கொடுப்பவர்களிடம் இப்போது நான் கறாராகச் சொல்கிறேன்: மனைவியின் நகையை வைத்து வாங்கிய பணத்தை, அவர் தொழிலுக்குக் கொடுத்த கடனாக அவர் பெயரில் தனிப் பக்கம் போட்டு எழுதுங்கள். எத்தனை பவுன், எந்தத் தேதி, வட்டி எவ்வளவு, எல்லாம் இருக்கட்டும். அந்தப் பாக்கி தீரும்வரை புது மெஷின் வேண்டாம். முதலில் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. எழுதிப் பார்த்தபின், பார்ட்டியிடம் பாக்கி கேட்பதற்கு அவர்களுக்கே ஒரு வேகம் வந்ததையும் பார்த்தேன். யாருடைய பணம் வெளியே நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இன்னொரு கடன்காரரும் உண்டு, அவரையும் சொல்லிவிடுகிறேன். "இந்த வாரம் பாதி வாங்கிக்கோங்க, அடுத்த வாரம் சேர்த்துத் தந்துடறேன்" என்றதும் தலையாட்டிவிட்டுப் போகிற தையல்காரர். அவர் கொடுப்பதற்கு வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. கடனிலேயே முதலில் தீர்க்க வேண்டியது அது.

நம் முன்னோர்கள் நெருக்கடியைத் தனித்தனியாகச் சமாளிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் 1904-இல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. அதே ஆண்டு கும்பகோணத்தில் ஒரு வங்கி தொடங்கியது. இன்று அது சிட்டி யூனியன் வங்கி. சென்னையில் 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி மக்களின் சேமிப்பு போனது. மறு ஆண்டே இந்தியன் வங்கி எழுந்தது. கரூரில் 1916-இல் வைஸ்யா வங்கி. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. நாடார் உறவின்முறைச் சங்கங்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு தொகையை மகமையாக எடுத்துப் பொதுவில் சேர்த்தன, பள்ளிக்கூடங்கள் எழுந்தன. இவற்றை நான் வியந்து படிக்கிறேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: மகமை போன்ற ஏற்பாடுகள் சாதிக்குள் நின்றன. அந்தச் சாதியில் பிறக்காதவருக்கு அந்தக் கதவு இல்லை. நமக்கு வேண்டியது தொழிலால் சேர்கிற கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு முதல் வேலை வட்டிக்குக் கொடுப்பது அன்று, பாக்கியை வசூலிப்பது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அங்கே தோற்ற பார்ட்டி நீதிமன்றம் போக வேண்டுமென்றால், முதலில் 75 விழுக்காடு தொகையைக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், தந்த பிறகுதான் அதைச் செலவாகக் கழிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் ஏன் போவதில்லை? பயம். பெயர் வெளியே வந்தால் அடுத்த ஆர்டர் வராது. தனியாக ஒருவர் போனால் அந்தப் பயம் நியாயமானது. அவருக்கு வீரம் போதாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பார்ட்டிக்குத் தைக்கிற முப்பது பேரும் ஒரே நாளில் போனால்? முப்பது பேரையும் நிறுத்திவிட்டு அவர் யாரிடம் தைக்கக் கொடுப்பார்? தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, அங்கே கேட்ட விலைக்குறைப்பு படிப்படியாக இறங்கிக் கடைசியில் பீஸ் ரேட்டில் வந்து நின்றது. மேலே உள்ளவர்கள் சேர்ந்து பேசினார்கள், அரசாங்கத்தைப் பார்த்தார்கள். கீழே இருப்பவர் மட்டும் தனியாக நின்றார்.

இன்று மூன்று காரியம் கேட்கிறேன். நாளை முதல் போடுகிற ஒவ்வொரு பில்லிலும் உங்கள் சிறுதொழில் பதிவு எண்ணான உத்யம் எண்ணையும், பணம் வர வேண்டிய கடைசித் தேதியையும் அச்சடியுங்கள். சரக்கு ஒப்படைத்த டெலிவரி சலானில் கையெழுத்து வாங்காமல் வண்டியை விடாதீர்கள். மன்றத்தில் அதுதான் பேசும். 45 நாள் தாண்டிய பாக்கிகளை எல்லோரும் ஒரு தாளில் எழுதி இந்த நூலகத்தில் ஒப்படையுங்கள். யாருடைய பெயரும் வெளியே போகாது. எந்தப் பார்ட்டிக்கு எத்தனை பேர் தைக்கிறோம் என்று நாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு சேர்ந்து போகலாம்.

உத்யம் பதிவு இல்லாதவர்கள் கைதூக்கத் தயங்க வேண்டாம். சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் சட்டத்தின் துணை உறுதி, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாசலில் மேசை போட்டு இரண்டு பிள்ளைகள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதார், பான் அட்டை, ஆதாரில் இணைத்த செல்போன் மூன்றையும் கொண்டு போங்கள். மெஷின் மனைவி பெயரில் இருந்தால் அவரையும் அழைத்துப் போய் அவர் பெயரிலேயே பதியுங்கள்.