மூச்சில்லாத குரலுக்கு ஒரு வக்காலத்து



"கணினிக் குரலில் பிறக்கும் சோகப் பாட்டு கலையா, கண்துடைப்பா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார், "இது கூலிக்கு மாரடிக்கிற வேலை" என்று ஒரே போடாகப் போட்டார், கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அண்ணே, ஹாட்சுனே மிகுவுக்குக் கூலியும் கிடையாது, அடிப்பதற்கு மாரும் கிடையாது. வேறு பழமொழி பாருங்கள்.

மிகு என்பது ஒரு மென்பொருள். ஜப்பானில் சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று அதை வெளியிட்டது. அப்போது உள்ளே ஓடியது யமஹாவின் வோகலாய்டு தொழில்நுட்பம். சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பொருளே இல்லாத அசைகளை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். அதைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் மெட்டையும் சொல்லையும் கொடுத்தால், அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாடும்.

"அப்படியென்றால் அதில் உணர்ச்சி ஏது?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. ஃபுஜிதா அம்மையார் பதிவு செய்த அந்த அசைகளில் ஒரு சொட்டு சோகம்கூட இல்லை என்று எழுதியே கொடுக்கிறேன். பிறகு எப்படிக் கேட்கிறவன் தொண்டை அடைக்கிறது? அதற்கு, இந்தப் பாட்டு எப்படி உருவாகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

கணினித் திரையின் இடது ஓரத்தில் பியானோ கட்டைகள் நெட்டுக்குத்தாக நிற்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஓர் அசை. முதலில் ஓட விட்டுக் கேட்டால், ரயில் நிலைய அறிவிப்பு தோற்றுப்போகும், அவ்வளவு சப்பென்று இருக்கும். அதற்குப் பிறகுதான் வேலையே. கீழே கோடு இழுக்க வேண்டும். இந்த அசையின் கடைசியில் ஒலி கொஞ்சம் தேய வேண்டும், அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், நடுக்கம் தொடக்கத்திலேயே வரக்கூடாது, பாதிக்கு மேல் வர வேண்டும். மூச்சு இழுக்கும் சத்தத்தைக்கூடத் தனியாகக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் உண்டு. 2010-இல் மிகுவுக்குக் கூடுதலாக ஆறு குரல்கள் வந்தன. சோகம் கவிந்த குரலுக்கு 'டார்க்' என்றே பெயர். அந்தக் குரல் கைவசம் இருந்தாலும் கோடு இழுக்கிற வேலை குறையவில்லை. நடுவர் அவர்களே, ஒரு விம்மலை இப்படி ராப்பகலாக இழைத்து இழைத்துச் செய்கிறவனைப் பார்த்து 'உனக்கு உணர்ச்சி இல்லை' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

காஸ்மோ என்ற இசையமைப்பாளர் செய்த 'ஹாட்சுனே மிகுவின் மறைவு' என்ற பாட்டின் முழு வடிவம் 2008-இல் வந்தது. அழிக்கப்படப் போகும் ஒரு மென்பொருள் விடைபெறுகிறது, அதுதான் கதை. நிமிடத்துக்கு 240 தாளம். இருக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. மூச்சு வாங்க இடமில்லை, ஏனென்றால் பாடுவதற்கு மூச்சே இல்லை. இதை மனிதர்களும் பாடிப் பார்க்கிறார்கள். பாடி முடித்தால் நமக்கு அவர்கள் திறமைதான் தெரிகிறது. அந்தப் பதற்றம் எங்கோ போய்விடுகிறது. மிகு பாடும்போது மட்டும்தான் சாவு தெரிகிறது.

பெற்றோர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று. நேரு என்ற இசையமைப்பாளர் 2013-இல் 'லாஸ்ட் ஒன்னின் அழுகை' என்ற பாட்டைச் செய்தார். (நம்ம நேரு இல்லை, பதறாதீர்கள்!) பாடுவது காகமினே ரின், பதினான்கு வயதுச் சிறுமியாக உருவாக்கப்பட்ட குரல். பள்ளிப் பாடம், மதிப்பெண், வீட்டின் எதிர்பார்ப்பு, இதற்கு நடுவில் நொறுங்கும் பிள்ளை. ஒரு புகழ்பெற்ற பாடகர் இதைப் பாடினால் அவர் முகம்தான் கண்ணில் நிற்கும். ரின் பாடும்போது முகம் காலியாக இருக்கிறது. கேட்கிற பிள்ளை தன் முகத்தை அங்கே வைத்துக்கொள்கிறது.

பாட்டு எழுதுகிறவனுக்கும் இந்தக் குரல் ஒரு நிழல். மேடை ஏறக் கூச்சப்படுகிறவன், தன் துக்கத்தைத் தன் குரலில் சொல்லத் துணியாதவன், இந்தக் குரலைக் கடன் வாங்கினான். 2010-இல் 'ரோலிங் கேர்ள்' பாட்டைக் கொடுத்த வோவாகா பிறகு ஹிடோரியே என்ற குழுவில் தானே பாடினார். 2019-இல், 31 வயதில், நம்மை விட்டுப் போனார். ஹாச்சி என்ற பெயரில் மிகுவைப் பாடவைத்த கென்ஷி யோனேசு, தன் சொந்தக் குரலில் 2018-இல் 'லெமன்' பாடி ஜப்பானையே கலங்கவைத்தார். கடன் குரலில் பழகியவர்கள்தான் இவர்கள் இருவரும்.

'லால் சலாம்' படத்தை இழுத்தார் எதிரணி அக்கா. மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று. அது சரியா தவறா என்பதற்குத் தனிப் பட்டிமன்றம் போடலாம். ஆனால் மிகு யாருடைய இடத்திலும் வந்து உட்காரவில்லை.

"உயிரில்லாதது அழுதால் போலி" என்பது ஜப்பானில் செல்லாது. 1703-இல் ஒசாகாவில் சிக்கமாட்சு எழுதிய 'சோனெசாகி ஷின்ஜூ' நாடகம் மேடையேறியது. சேர்ந்து சாகும் காதலர்கள் இருவரும் பொம்மைகள்! பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுப்பவர் வேறு ஆள். ஊரே அழுதது. உடனே எதிரணி கேட்கும்: அந்த வகை நாடகங்களை அரசு பின்னால் தடை செய்யவில்லையா? செய்தது. பார்த்தவர்கள் அதே வழியில் போய்விடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். இந்தப் பாட்டுகளிலும் குப்பை உண்டு. ரத்தமும் பேண்டேஜும் போட்டால் சோகம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு பிள்ளை இப்படிப்பட்ட பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், போனைப் பிடுங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு தடவை கேளுங்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்துப் பேச வரும் அண்ணனுக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். தங்கையைப் பறிகொடுத்த துயரத்தை எழுத்தாக்கியவர் கவிஞர் கென்ஜி மியாசாவா. அவர் உலகத்தை வைத்து இசையமைப்பாளர் இசாவோ தோமிதா ஒரு சிம்ஃபொனி எழுதி, 2012 நவம்பரில் டோக்கியோவில் அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 80. முழு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது, பாடகர் குழு இருந்தது, கூப்பிட்டால் ஓடி வர எத்தனையோ பாடகிகள் இருந்தார்கள். தனிக்குரலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது மிகுவை. ஏன் அண்ணே?