பழைய பில்லர் டிரில் வாங்குறதுக்கு முன்னாடி

வீட்டுல இரும்பு வேலை செய்யறதப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் கேட்டிருந்தீங்க. "கை டிரில்லு இருக்கு, அதுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போட்டா போதாதா? எதுக்கு நூறு கிலோ மெஷின்?" இன்னொருத்தர் நேராவே கேட்டுட்டார்: "பட்ஜெட் 15 ஆயிரம். புதுசு சின்னதா வாங்கவா, பழசு பெருசா வாங்கவா?" இன்னைக்கு எபிசோட் முழுக்க இதுக்கான பதில்தான். நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். பகல்ல சரவணம்பட்டியில கோடு அடிக்கிறேன், சனி ஞாயிறுல இரும்பு அறுக்குறேன். நான் சொல்லப் போறது எல்லாம் இந்த ஊர்ப் பட்டறைகள்ல பார்த்துக் கத்துக்கிட்டது.

முதல்ல, ஏன் வேணும்னு பார்த்துடலாம். எங்க அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. வெட் கிரைண்டர்ல இருந்து குனிஞ்சு மாவு வழிக்கிறது கஷ்டமா இருந்துச்சு. கிரைண்டரை இடுப்பு உயரத்துல வச்சு, அப்படியே சாய்க்கிற மாதிரி ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்யணும்னு வரைஞ்சேன். அதுல ரெண்டு பக்கமும் 10 மில்லி பிளேட், அதுக்குள்ள 12 மில்லி பின் போகணும். ரெண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல, பிளேட்டுக்குச் செங்குத்தா இருக்கணும். ஒண்ணு கொஞ்சம் சாய்ஞ்சாலும் பின் இறுகும், ஸ்டாண்டு திரும்பாது. இல்லன்னா லூஸா ஆடும், மேல அத்தனை கிலோ கல்லு இருக்கு. கை டிரில்லுல உங்க மணிக்கட்டுதான் செங்குத்தைத் தீர்மானிக்குது. அதுக்குப் போடுற மலிவு ஸ்டாண்டு, நீங்க அழுத்தும்போது வளையும். பில்லர் டிரில்லுல அந்தப் பொறுப்பை ஒரு கனமான வார்ப்பிரும்பு ஏத்துக்குது. கனம்தான் அங்க வேலை செய்யுது. அதனாலதான் 15 ஆயிரத்துக்குப் புது குட்டி மெஷினைவிட நல்ல நிலையில இருக்குற பழைய பெரிய மெஷின் பக்கம் நான் சாய்வேன்.

அடுத்தது வேகம். இதை யாரும் பார்க்கறதே இல்ல. சாதா இரும்புல, அதாவது எம்.எஸ்.ல, ஹெச்.எஸ்.எஸ். பிட் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வெட்டு வேகத்துல ஓடலாம். கணக்கைச் சுருக்கினா, 8000-ஐ பிட்டோட மில்லிமீட்டர் அளவால வகுத்தா போதும், ஆர்.பி.எம். வந்துடும். 5 மில்லி பிட்டுக்கு 1600. 10 மில்லிக்கு 800. 20 மில்லிக்கு 400. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா இதுல பாதி, அலுமினியம்னா ரெண்டு மடங்குக்கு மேலயும் போகலாம். இப்ப நீங்க பார்க்குற மெஷினோட மிகக் குறைஞ்ச வேகம் 600-ன்னு வச்சுக்குங்க. மரத்துக்கு அது அருமை. இரும்புல 20 மில்லி போட்டா பிட்டோட முனை நீலமாகி எரிஞ்சு போகும். அதனால மெஷினைப் பார்த்ததும் முதல் கேள்வி "எத்தனை ஹெச்.பி." இல்லீங்க, "மெதுவான ஸ்பீடு எவ்வளவு?"

அதுக்குப் பதில் பெல்ட் கவருக்கு உள்ள ஒட்டின அட்டவணையில இருக்கும். ஆனா அதை அப்படியே நம்பாதீங்க, மோட்டாரோட தகட்டையும் படிங்க. இந்த மெஷின்களுக்குப் பெரும்பாலும் 1440 ஆர்.பி.எம். மோட்டார் வரும். பழசு எரிஞ்சு போய், கையில கிடைச்ச 2880 மோட்டாரை யாராவது மாட்டியிருந்தா, அட்டவணையில இருக்குற எல்லா வேகமும் ரெண்டு மடங்காயிடும். ஓட்டிப் பார்க்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிட் எரியும்போதுதான் தெரியும்.

அதே தகட்டுல இன்னொண்ணு பாருங்க: சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? பட்டறையில இருந்து வர்றது பெரும்பாலும் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ். நம்ம வீட்டுல, முக்கியமா அபார்ட்மென்ட்ல, 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மோட்டாரை மாத்துறது. இன்னொண்ணு, வி.எஃப்.டி. போடுறது. சிங்கிள் ஃபேஸ்ல ஓடுற சின்ன வி.எஃப்.டி., 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான் வெளிய குடுக்கும். அதனால ஸ்டார்ல கட்டியிருக்குற மோட்டாரை டெல்டாவுக்கு மாத்தணும். டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்க. ஆறு ஒயர் வெளிய வந்திருந்தா மாத்துறது சுலபம். மூணுதான் இருந்துச்சுன்னா மோட்டாரைப் பிரிச்சு எடுக்கணும், அந்தச் செலவை விலையில கழிச்சுக்குங்க. இந்த வேலையை எலக்ட்ரீஷியன் கிட்டயே குடுங்க, எர்த் கண்டிப்பா இருக்கணும்.

சரி, மெஷின் முன்னாடி போய் நின்னாச்சு. கையில என்ன இருக்கணும்? ஒரு டயல் கேஜ், காந்த ஸ்டாண்டோட. நேரான ஒரு கிரவுண்டு ராடு. டார்ச். ஒரு புது 10 மில்லி பிட். 10 மில்லி எம்.எஸ். துண்டு ஒண்ணு. டயல் கேஜ் இல்லன்னா ஃபர்ஸ்ட் இயர் வொர்க்ஷாப்ல கூட இருந்த நண்பன் யாராவது வச்சிருப்பான், வாங்கிட்டுப் போங்க.

முதல்ல கரண்டு இல்லாம பாருங்க. கைப்பிடியைச் சுத்தி ஸ்பிண்டிலை முழுசாக் கீழ இறக்குங்க. சக்கைப் பிடிச்சு முன்ன பின்ன, இடம் வலம் ஆட்டுங்க. டக் டக்னு ஆட்டம் கையில தெரிஞ்சா, பேரிங்கா இருக்கலாம், இல்ல ஸ்பிண்டிலைத் தாங்குற குவில் தேஞ்சிருக்கலாம். பேரிங் மாத்திடலாம். குவில் ஏறி இறங்குற ஓட்டை தேஞ்சிருந்தா அது பெரிய வேலை, விட்டுடுங்க. எது எதுன்னு எப்படித் தெரியும்? டயல் கேஜோட முள்ளை குவில் மேலயே வச்சு ஆட்டிப் பாருங்க. முள்ளு நகர்ந்தா குவில்தான் ஆடுது. அது நகராம, ஸ்பிண்டில்ல வைக்கும்போது மட்டும் நகர்ந்தா பேரிங்.

அப்புறம் சக்கைக் கழட்டச் சொல்லுங்க. கொஞ்சம் பெரிய மெஷின்ல மோர்ஸ் டேப்பர் இருக்கும். அமெரிக்காவுல ஸ்டீஃபன் மோர்ஸ்னு ஒருத்தர், 1863-ல ட்விஸ்ட் டிரில்லுக்கு காப்புரிமை வாங்கினவர். இந்த டேப்பருக்கும் அவர் பேர்தான். போல்ட்டே கிடையாது, லேசான சரிவுல உராய்வுதான் இழுத்துப் பிடிக்குது. அதனால ஸ்பிண்டிலுக்கு உள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. மெஷின் நின்னிருக்கணும், பிளக்கை உருவியிருக்கணும். உள்ள கீறல், வரி வரியா இருந்தா சக் வழுக்கிச் சுத்தியிருக்குன்னு அர்த்தம். இதே காரணத்தாலதான் டிரில்லுல மில்லிங் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு வேண்டாம்னு சொல்றேன். பக்கவாட்டு விசை வந்தா டேப்பர் விட்டுடும், சுத்திட்டிருக்குற சக் கழண்டு உங்க மேல வரும்.

டயல் கேஜ் முள்ளை டேப்பருக்கு உள்ள வச்சு, ஸ்பிண்டிலைக் கையால ஒரு சுத்து சுத்துங்க. 0.05 மில்லிக்குள்ள இருந்தா நான் சந்தோஷமா வாங்குவேன். 0.1-ன்னா பேரம் பேசுவேன். அதுக்கு மேலன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் சக்கை மாட்டி, ராடைப் பிடிச்சு மறுபடி பாருங்க. டேப்பர் நல்லா இருந்து ராடு மட்டும் ஆடினா, தப்பு சக்ல. சக் புதுசு வாங்கிக்கலாம். நிறைய பேர் சக் ஆடுறதப் பார்த்து நல்ல மெஷினை விட்டுட்டு வந்துடறாங்க.

டேபிள்ல ஓட்டை ஓட்டையா இருக்கேன்னு முகம் சுளிக்காதீங்க. அது அசிங்கம், அவ்வளவுதான். வெல்டிங் வச்ச தடம், விரிசல், அடிபட்ட புல்லி, இதுங்கதான் ஆபத்து. டார்ச் அடிச்சுத் தேடுங்க. புதுசா பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் கவனமாத் தேடுங்க. எண்ணெய்ப் பிசுக்கோட இருக்குற மெஷின் எதையும் மறைக்காது.

கடைசியா ஓட்டிப் பாருங்க. வர்றேன்னு போன்ல சொல்லும்போதே "முன்னாடியே ஓட்டி வைக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. பேரிங் சத்தம் குளிர்ந்த மெஷின்லதான் நல்லாக் கேக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் பெல்ட் மாத்தச் சொல்லிக் கேளுங்க. உங்க துண்டைக் கட்டி, சின்ன பிட்டுல வழி போட்டு, அப்புறம் 10 மில்லி போடுங்க. ரெண்டு பக்கமும் சுருள் சமமா வரணும். ஒரு பக்கம் மட்டும் வந்தா மெஷினைத் திட்டாதீங்க, பிட் சாணை சரியில்ல. நீங்க கொண்டுபோன புது பிட்டு அதுக்குத்தான்.

இப்ப விலை. இதைச் சொல்ல ஒரு பட்டறைக்குப் போய் வரணும். இந்த ஊர்ல கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சந்துக்குச் சந்து பட்டறை உண்டு. பைக்காரா மின்சாரம் வந்து 1930-கள்ல மில்லுங்க பெருகினப்ப, அதுக்கு ரிப்பேர் பார்க்க ஆரம்பிச்ச கூட்டம், அப்புறம் பம்ப், கிரைண்டர்னு வளர்ந்துச்சு. நான் போனது ஒரு லேத்தும் ஒரு பில்லர் டிரில்லும் வச்சு ஓட்டின இடம். லேத் ஏற்கனவே போயிடுச்சு. தரையில நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருந்துச்சு. "2022-ல கரண்டு ரேட்டை ஏத்தினாங்க தம்பி. வேலை இருந்தாலும் இல்லாட்டியும் நிலைக்கட்டணம் கட்டோணும். ஆர்டர் எல்லாம் சி.என்.சி. பக்கம் போயிருச்சு"ன்னார் அண்ணன்.

அவர் கேட்டது 18 ஆயிரம். மேல சொன்ன சோதனை எல்லாம் பண்ணேன். டேப்பர் சுத்தம். சக் தேஞ்சிருந்துச்சு, பெல்ட் வெடிச்சிருந்துச்சு, மேல் பேரிங்ல லேசா சத்தம். மூணையும் அவர்கிட்டயே காட்டி, "இதுக்கு மூவாயிரம் ஆகுங்கண்ணா, 15-க்கு முடிச்சுக்கலாமா?"ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. "எடைக்குக் கேட்டவன் இதுல பாதி கூடத் தரலை"ன்னார். இந்த வார்த்தையைக் கேட்டதும் வாங்குறவனுக்கு இன்னும் கீழ இறங்கத் தோணும். அவருக்கு அவசரம், நமக்கு இல்ல. ஆனா எடை விலைங்கறது இரும்போட விலை. நேரா ஓட்டை போடுற திறமைக்கு அதுல மதிப்பே கிடையாது. நான் வாங்குறது அந்தத் திறமையை. அதனால எனக்கு ஒரே விதிதான்: விரல் வச்சுக் காட்ட முடிஞ்ச குறைக்கு மட்டும் கழிப்பேன், எதிர்ல நிக்கிறவரோட கஷ்டத்துக்குக் கழிக்க மாட்டேன். 15-க்கே முடிஞ்சுது. வைஸையும் சக் கீயையும் அவரே எடுத்துக் குடுத்தார்.

பணத்தை எண்ணும்போதுதான் பார்த்தேன், வலது ஆள்காட்டி விரல்ல ஒரு கணு இல்ல. நான் பார்க்கறதைப் பார்த்துட்டு, "கிளவுஸ் போட்டிருந்தேன் தம்பி. நூல் மாட்டுச்சு, கையையே இழுத்துருச்சு. பாதுகாப்புன்னு நினைச்சுப் போட்டதுதான்"ன்னார். தயவுசெஞ்சு இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்குங்க. சுத்துற டிரில் முன்னாடி கிளவுஸ் கூடாது. துப்பட்டா, லூஸ் சட்டை, விரிச்ச முடி கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சக் கீயை சக்ல விட்டுட்டு சுவிட்ச் போடக் கூடாது. எவ்வளவு சின்ன துண்டா இருந்தாலும் வைஸ்ல கட்டுங்க, அந்த வைஸையும் டேபிளோட போல்ட் போடுங்க. பிட் அடிப்பக்கம் வெளிய வர்ற நொடியிலதான் தகட்டைக் கவ்வும். கையால பிடிச்சிருந்தா அந்தத் தகடு கத்தி மாதிரி சுத்தும். சுருளைப் பிரஷ்ஷால தள்ளுங்க, கை வைக்காதீங்க.

வீட்டுக்குக் கொண்டு வரக் குட்டியானை பிடிச்சா போதும். இது தலை கனமான சாமான், நிக்க வச்சுக் கட்டினா வளைவுல சாயும். டேபிளை இறக்கி, தலையை இறுக்கி, படுக்க வச்சுக் கட்டுங்க. கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, தூணைப் பிடிங்க. மூணு பேர் வேணும். வந்ததும் முதல் வேலை, தரையோட போல்ட் போடுறது. கீழ் வீட்டுக்காரங்க கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஓட்ட மாட்டேன்னு நான் சொல்லியிருக்கேன்.

அப்ப அந்த 15 ஆயிரம் நண்பருக்குப் பதில்: 12-க்கு மெஷின் தேடுங்க, மூணை பெல்ட், பேரிங், சக்குக்கு ஒதுக்குங்க. ஒரே நாள்ல வாங்கணும்னு கிளம்பாதீங்க. மூணு மெஷினை ஆட்டிப் பார்த்த கைக்கு, நாலாவது மெஷின் நல்லதா கெட்டதான்னு தானாத் தெரியும். அடுத்த எபிசோட்ல பிட்டுக்குச் சாணை பிடிக்கிறதப் பத்திப் பேசலாம். உங்க ஊர்ல பழைய மெஷின் எங்க கிடைக்குதுன்னு எழுதுங்க, படிக்கிறேன். கை பத்திரம் மக்களே.