சோர்வை அளக்கும் கோல்

மருத்துவர்களிடம் பணிச்சோர்வு எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய 182 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 45 நாடுகள், ஏறத்தாழ 1,10,000 பேர். ஓர் ஆய்வு சோர்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்றது. இன்னொன்று 80.5 விழுக்காட்டினர் சோர்ந்திருக்கிறார்கள் என்றது. மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே சிதறிக் கிடந்தன.

நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை வேலைப்பளு மாறும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. யாரைச் சோர்ந்தவர் என்று கணக்கில் சேர்ப்பது என்பதற்கு அந்த 182 ஆய்வுகளில் 142 வகையான வரையறைகள் இருந்தன. இதில் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த ஆய்வுகளில் 85.7 விழுக்காடு ஒரே அளவுகோலின் ஏதேனும் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்தியிருந்தன. கோல் ஒன்று, கோடு கிழித்த இடங்கள் 142.

ஆசிரியர், செவிலியர், மருத்துவர் ஆகியோரின் மனநிலையையும் திறனையும் அளக்கும் கருவிகள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே தேறுகின்றன, எங்கே தவறாகக் கையாளப்படுகின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். அந்தக் கதையைத் தொடங்க மேலே சொன்ன கோலைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1971 ஆகஸ்ட் மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சிம்பார்டோ என்ற உளவியலாளர் ஒரு போலிச் சிறையை அமைத்தார். மாணவர்களில் சிலர் காவலர், சிலர் கைதி. அங்கேயே முனைவர் பட்டம் முடித்து, பெர்க்லியில் ஆசிரியப் பணிக்குச் செல்லவிருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் ஒருநாள் மாலை அதைப் பார்க்க வந்தார். தலையில் பை கவிழ்க்கப்பட்டுக் கழிப்பறைக்கு வரிசையாக நடத்திச் செல்லப்பட்ட ‘கைதி’களைக் கண்டதும் சிம்பார்டோவிடம் கடுமையாக வாதிட்டார். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட சோதனை ஆறாம் நாள் நிறுத்தப்பட்டது. ஆனால் மாஸ்லாக்கின் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. பிறரைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் நல்லவர்கள் எப்படி அவர்களை மனிதராகவே பார்க்காத நிலைக்குப் போகிறார்கள்?

அடுத்த சில ஆண்டுகள் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், சிறைக் காவலர் என்று பலரிடம் அவர் பேசினார். வினாப்பட்டியல் எதுவும் கையில் இல்லாத காலம் அது. அவர்கள் சொன்னதைக் கேட்பது மட்டுமே வேலை. அதே சமயத்தில் நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், உற்சாகமாக வந்த தொண்டர்கள் மெல்ல மெல்ல வற்றிப்போவதைக் கவனித்து 1974இல் கட்டுரை எழுதினார். அளவுகோல் செய்ய விரும்புகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. எதை அளக்கப் போகிறோம் என்பதை அந்தத் தொழிலில் உழல்பவர்களின் வாயிலாகக் கேட்காமல், நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கூற்றுகளைப் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அந்தக் கோலை அறிமுகப்படுத்தி 1981இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. முதலில் 47 கூற்றுகளை எழுதி, உடல்நலம், சேவை சார்ந்த பல தொழில்களில் இருந்த 605 பேரிடம் கொடுத்தார்கள். எந்தெந்தக் கூற்றுகளுக்கான பதில்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காரணிப் பகுப்பாய்வு காட்டும். ஒட்டாத கூற்றுகள் கழிந்து 25 எஞ்சின. கிடைத்த முடிவு அந்த 605 பேருக்கு மட்டும் உரிய தற்செயலா என்ற ஐயம் இருந்ததால் புதிதாக 420 பேரிடம் மீண்டும் கொடுத்தார்கள். கடைசியில் நிலைத்தவை 22 கூற்றுகள். உணர்வு வற்றிப்போதலைப் பற்றி 9, தம்மிடம் வருபவர்களை உணர்ச்சியின்றிப் பொருள்போல நடத்துவதைப் பற்றி 5, பணியில் எதையோ சாதித்த நிறைவைப் பற்றி 8. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதற்கு 0 முதல் 6 வரை எண்.

ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். நிரப்பக் கொடுக்கும் தாளின் தலைப்பில் பணிச்சோர்வு என்ற சொல்லே கிடையாது. ‘மனித சேவைக் கணிப்பு’ என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் ஒருவர் தம்மைச் சோர்ந்தவராகவோ சோராதவராகவோ காட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு.

அடுத்து நம்பகத்தன்மை. ஒரே பிரிவில் உள்ள கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்பதைச் சொல்வது லீ க்ரோன்பாக் 1951இல் அறிமுகப்படுத்திய ஆல்பா. மூன்று பிரிவுகளுக்கும் முறையே 0.90, 0.79, 0.71 வந்தது. சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தபோது கிடைத்த ஒட்டுறவு 0.82, 0.60, 0.80. நடுவில் நிற்கும் 0.60 சற்றுப் பலவீனமானதுதான். ஆக்கியவர்கள் அதை ஒளிக்காமல் அச்சிட்டார்கள்.

ஆல்பா நன்றாக வந்துவிட்டால் கருவி தேறிவிட்டது என்று எண்ணுவது நம் கல்லூரி வளாகங்களில் பரவலாகக் காணப்படும் பழக்கம். கூற்றுகள் ஒன்றோடொன்று இசைகின்றன என்பதற்கு மேல் ஆல்பா எதுவும் சொல்வதில்லை. அவை அளப்பது சோர்வையா, பொதுவான மனக்குறையையா, நல்ல பெயர் எடுக்கும் ஆசையையா என்பதற்கு வெளியிலிருந்து சான்று வேண்டும். அதைத்தான் ஏற்புடைமை என்கிறோம். 1955இல் க்ரோன்பாக்கும் பால் மீலும் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சான்று தேடலுக்கு இலக்கணம் வகுத்தது.

மாஸ்லாக்கும் ஜாக்சனும் சான்று தேடிய இடம் எதிர்பாராதது: காவல்துறையினரின் வீடு. உணர்வு வற்றிப்போனதாகத் தாளில் அதிக மதிப்பெண் பெற்ற காவலர்களைப் பற்றி அவர்களுடைய மனைவியரைத் தனியே கேட்டார்கள். கணவர் எரிச்சலோடும் பதற்றத்தோடும் உடல் ஓய்ந்தும் வீடு திரும்புகிறார் என்று அந்த மனைவியரே சொன்னார்கள். தாளில் இட்ட எண்ணுக்கும் வீட்டு வாசலில் தெரிந்த முகத்துக்கும் தொடர்பு இருந்தது. பிறர் மெச்சும்படி பதில் சொல்லும் போக்கை அளக்கும் வேறொரு கருவியோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. தொடர்பு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதும், இருக்கக் கூடாத இடத்தில் இல்லாமல் இருப்பதும் சேர்ந்தால்தான் சான்று வலுப்பெறும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கோல் எப்படி 0க்கும் 80.5க்கும் இடையே ஊசலாடியது? பழுது வெட்டுப்புள்ளியில் இருந்தது. தொடக்கக் காலக் கையேட்டில், மாதிரியில் இருந்தவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி மூன்றாகப் பிரித்து, மேல் மூன்றில் ஒரு பங்கை ‘உயர்’ என்றும் அடுத்ததை ‘நடுத்தரம்’ என்றும் கடைசியைத் ‘தாழ்’ என்றும் குறித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும் ஏற்பாடு அது. நாளடைவில் அந்தக் கோடு நோயறியும் கோடாக மாறியது. முதல் பிரிவில் 54க்கு 27 எடுத்த மருத்துவர் சோர்ந்தவர். 26 எடுத்தவர் நலமானவர். அந்த எண்ணுக்குப் பின்னால் மருத்துவப் பரிசோதனையோ பின்தொடர் ஆய்வோ கிடையாது. முன்பொரு காலத்தில் அமெரிக்காவில் யார் யார் அந்தத் தாளை நிரப்பினார்கள் என்பது மட்டுமே இருந்தது. சில ஆய்வாளர்கள் ஒரு பிரிவை மட்டும் பார்த்தார்கள், சிலர் முதல் இரண்டில் ஏதேனும் ஒன்று போதும் என்றார்கள், சிலர் மூன்றும் வேண்டும் என்றார்கள். வரையறை 142 ஆனது இப்படித்தான்.

பின்னர் வந்த நான்காம் பதிப்புக் கையேடு அந்த வெட்டுப்புள்ளிகளையே நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற பதினோராம் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைப் பணி சார்ந்த நிகழ்வு என்றே குறித்தது. நோய் என்று குறிக்கவில்லை.

டென்மார்க்கில் வேறொரு சிக்கல் எழுந்தது. டாஜ் கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் மனித சேவைத் துறையின் ஏழு பணியிடங்களில் 1,914 பேரைக் கொண்டு நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கோலை முன்னோட்டமாகக் கொடுத்தபோது, தம்மிடம் வருவோரை உயிரற்ற பொருள்போல நடத்துவதைப் பற்றிய கூற்றுகளைப் பார்த்துப் பணியாளர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தைப் பதில் தராதவர்களின் பிடிவாதமாகக் கருதி ஒதுக்காமல், கருவியைப் பற்றிய தகவலாக ஆய்வுக் குழு எடுத்துக்கொண்டது. பிறரிடம் விட்டேற்றியாக இருப்பது சோர்வின் பகுதியா, சோர்வைச் சமாளிக்கும் வழியா என்ற கேள்வியையும் எழுப்பியது. 2005இல் வெளியான கோபன்ஹேகன் அளவுகோலில் 19 வினாக்கள் மட்டுமே. தனி வாழ்வில் சோர்வு, பணியால் சோர்வு, சேவை பெறும் மனிதர்களால் சோர்வு என மூன்று பகுதிகள். யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். சிறு பள்ளியோ ஊர்ப்புற மருத்துவமனையோ ஆய்வு செய்ய நினைத்தால் அந்தத் திறந்த கதவு எவ்வளவு பெரிய உதவி!

கல்வித் துறையின் கதை இன்னும் எளிமையாகத் தொடங்குகிறது. 1976இல் ராண்ட் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளின் வாசிப்புத் திட்டத்தை ஆராய்ந்தபோது, ஆசிரியர்களிடம் கேட்ட பலவற்றோடு இரண்டே இரண்டு கூற்றுகளைச் சேர்த்தது. வீட்டுச் சூழலை மீறி ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது என்ற போக்கில் ஒன்று. முயன்றால் கடினமான மாணவரையும் எட்டலாம் என்ற போக்கில் மற்றொன்று. அந்த இரண்டுக்கான பதில்கள் மாணவர்களின் வாசிப்பு முன்னேற்றத்தோடு தொடர்புபட்டிருந்தன. ஆசிரியரின் தன்னம்பிக்கை அளக்கத் தக்கது என்ற எண்ணம் வேர்விட்டது அங்கேதான். ஆனால் இரண்டே கூற்றுகளை நம்பி ஒருவரை எடைபோட முடியாது. 1984இல் கிப்சனும் டெம்போவும் 30 கூற்றுகளாக விரித்தார்கள். அதன் இரண்டாம் காரணி எதை அளக்கிறது என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஓயவில்லை.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனிதா உல்ஃபோக் ஹோயும் மேகன் சானன்–மொரானும் அந்தச் சர்ச்சைக்கு விடை தேடினார்கள். 52 கூற்றுகளை 224 பேரிடம் கொடுத்து 32 ஆக்கினார்கள். அடுத்து 217 பேர். கூற்றுகள் 18 ஆகின. வகுப்பை ஒழுங்காக நடத்துவது பற்றிய பகுதி மெலிந்துவிட்டதைக் கண்டு புதிய கூற்றுகளைச் சேர்த்து 410 பேரிடம் மீண்டும் சோதித்தார்கள். 2001இல் 24 கூற்றுகளோடு வெளியிட்டார்கள். கழிப்பதோடு நில்லாமல் திரும்பிப் போய்ச் சேர்த்த அந்தத் துணிவு பெரிது. பொதுவாக ஆய்வேடுகளில் கழித்தல் மட்டும்தான் நடக்கிறது.

அவர்கள் கண்ட இன்னொரு செய்தி ஆசிரியர் கல்வியியல் கல்லூரிகளுக்கு நேரடியாகப் பயன்படும். பணியில் இருக்கும் ஆசிரியர்களிடம் கற்பித்தல், வகுப்பு நடத்தல், மாணவரை ஈடுபடுத்தல் என்று மூன்று காரணிகள் தெளிவாகப் பிரிந்தன. பயிற்சி மாணவர்களிடம் அப்படிப் பிரியவில்லை. கரும்பலகை முன் நின்று பழகாதவருக்கு இம்மூன்றும் இன்னும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆகவே பயிற்சி மாணவர்களுக்கு மொத்த மதிப்பெண்ணையே பார்க்க வேண்டும் என்று அவர்களே அறிவுறுத்தினார்கள். பி.எட். மாணவரையும் இருபதாண்டு அனுபவம் உள்ள ஆசிரியரையும் ஒரே தாளின் பிரிவு மதிப்பெண்களால் ஒப்பிடும் ஆய்வு முதல் அடியிலேயே இடறிவிடும்.

தமிழ்நாட்டில் எம்.எட். ஆய்வேடு எழுதியவர்களுக்கு 27 என்ற எண் பழக்கமானது. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்து, இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்டாத கூற்றுகளை நீக்குவார்கள். ட்ரூமன் கெல்லி 1939இல் கணக்கிட்டுச் சொன்ன விகிதம் அது. முறை தவறானதன்று. வல்லுநர்கள் சிலரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவதும் தேவையான படிதான். ஆனால் இவ்விரண்டோடு கருவி ‘தரப்படுத்தப்பட்டது’ என்று எழுதி முடித்தால், காவலர் வீட்டு மனைவியரைப் போன்ற ஒரு வெளிச்சான்று எங்கே என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது.

வெளிச்சான்று தேடுவதில் மருத்துவத் துறை ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகமத்ரேசா ஹோஜத் தலைமையிலான குழு மருத்துவரின் பரிவை அளக்க 20 கூற்றுகள் கொண்ட கோலை உருவாக்கியது. தம்மைப் பரிவுள்ளவர் என்று தாமே சொல்லிக்கொள்வதில் என்ன பொருள் என்று எவரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 2011இல் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையைக் கொண்டு பதில் தந்தார்கள். 29 குடும்ப மருத்துவர்கள், அவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 நீரிழிவு நோயாளிகள். பரிவு மதிப்பெண் உயர்ந்த மருத்துவர்களின் நோயாளிகளில் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களின் நோயாளிகளில் அது 40 விழுக்காடு.

அடுத்த ஆண்டு இத்தாலியின் பார்மா பகுதியில் 242 மருத்துவர்களையும் 20,961 நோயாளிகளையும் கொண்டு இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். நீரிழிவின் கடும் சிக்கல்களால் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள், உயர்ந்த பரிவு மதிப்பெண் பெற்ற மருத்துவர்களிடம் ஆயிரத்துக்கு 4.0, குறைந்தவர்களிடம் 6.5, நடுத்தரத்தினரிடம் 7.1. நடுவில் இருப்பவர்களின் எண் கடைசியில் இருப்பவர்களுடையதைவிடக் கூடுதல். நேர்கோட்டில் ஏறாத இந்த முடிவையும் உள்ளபடியே வெளியிட்டார்கள். இந்தக் கோலைக் கொண்டு தனியொரு மருத்துவரைப் பணியில் சேர்க்கவோ விலக்கவோ முடியாது. பயிற்சி பெற்ற ஒரு குழு மேம்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இங்கே தாளை நிரப்புகிறவரின் பாதுகாப்பையும் பேசியாக வேண்டும். இந்தக் கோல்கள் எல்லாம் பெயர் எழுதாத, அச்சமற்ற பதிலை நம்பிச் செய்யப்பட்டவை. நிரப்பிய தாள் தலைமைச் செவிலியரின் மேசைக்கோ தலைமையாசிரியரின் கோப்புக்கோ போகும் என்று தெரிந்தால், இரவுப் பணி முடித்து வந்த செவிலியர் தம் களைப்புக்கு 0 போடுவார். ஆல்பா அப்போதும் 0.90 வரலாம், ஒவ்வொருவரும் தம் அச்சத்தின் அளவுக்கு ஏற்ப எல்லாக் கூற்றுகளுக்கும் ஒரே போக்கில் பதில் சொன்னால் கூற்றுகளும் ஒன்றோடொன்று இசையும். ஆகவே ஒரு மருத்துவமனையோ பள்ளியோ இத்தகைய கணிப்பை நடத்தும் முன், தாள்களை நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர் திரட்ட வேண்டும். சில பேர் மட்டுமே உள்ள பிரிவின் சராசரியைத் தனியே வெளியிடக் கூடாது. அதிகச் சோர்வு தெரியும் வார்டில் பணிநேரத்தையும் ஆள் எண்ணிக்கையையும் மாற்ற யாருக்கு அதிகாரம் என்பதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.