வேர்களைத் தேடிய வில்

நம் நாட்டில் இசை பயில்வோருக்கு அரங்கேற்றம் என்பது ஒரு பெரு நிகழ்ச்சி. பல்லாண்டுகள் குருவினிடம் பெற்ற கல்வியை அவையோர் முன் வைக்கும் நாள் அது. மேலைநாட்டுச் செவ்விசைக் கலைஞர்களுக்கு முதல் இசைத்தட்டு ஏறத்தாழ அத்தகையதோர் அரங்கேற்றமே. அதில் எதை வாசிப்பது என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. பாக், பேத்தோவன், பிராம்ஸ் போன்ற பேராசான்களின் உருப்படிகளை வாசித்தால், முன்னோர் பலர் நடந்து தேய்ந்த பாதையில் அச்சமின்றி நடக்கலாம். யாரும் அறியாத உருப்படிகளை எடுத்துக்கொண்டாலோ, கேட்போர் கலைஞனையும் அறியார், பாட்டையும் அறியார். இரண்டையும் ஒருங்கே அறிமுகம் செய்யும் சுமை அவன் தோள்மேல் விழும். அச்சுமையை விரும்பி ஏற்ற ஓர் இளைஞரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

அவர் பெயர் ராண்டல் கூஸ்பி. அமெரிக்க நாட்டு வயலின் கலைஞர். 1996ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் ஆப்பிரிக்க அமெரிக்கர். தாயார் கொரிய மரபினர். ஏழாம் வயதில் வில்லைக் கையில் எடுத்தார். கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கென நடைபெறும் ஸ்ஃபிங்ஸ் போட்டியின் இளையோர் பிரிவில் 2010ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றார். பின்னர் நியூயார்க் நகரின் ஜூலியர்டு இசைக் கல்லூரியில் இட்சாக் பெர்ல்மன், கேத்தரின் சோ ஆகிய இருவரிடமும் பயின்றார். 2021 ஜூன் திங்களில் டெக்கா நிறுவனத்தார் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். 'ரூட்ஸ்', அதாவது 'வேர்கள்' என்பது அதன் பெயர். பியானோவில் உடன் வாசித்தவர் ஜூ வாங்.

எந்த வேர்கள் என்று நேயர்கள் வினவலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாய் உழன்ற மக்கள், பருத்திக் காட்டிலும் வழிபாட்டிலும் பாடிய பாடல்களே முதல் வேர். அவற்றை எழுதி வைத்தோர் அன்று மிகச் சிலரே. வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாக அவை வாழ்ந்தன. 1865இல் அடிமை முறை ஒழிந்தபின், நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் தம் கல்லூரிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு 1871இல் பாடற்குழுவாகப் புறப்பட்டு ஊர் ஊராகச் சென்று பாடினர். வயல்வெளியிற் பிறந்த பாட்டு அவ்வாறு இசையரங்கினுள் நுழைந்தது. அதே மண்ணிலிருந்துதான் 'ப்ளூஸ்' என்னும் துயரிசையும், அதனையடுத்து ஜாஸ் இசையும் கிளைத்தன.

ப்ளூஸ் இசைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் தத்தம் நிலையில் நில்லாது சற்றே தாழ்ந்து குழைந்து ஒலிக்கும். பியானோவின் இரு கட்டைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் அவ்வொலியைப் பியானோவாற் பிடிக்க இயலாது. வயலினிலோ மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் சென்று அதைத் தொட்டுவிடும். கமகத்திற் பழகிய நம் செவிகளுக்கு இது விளங்காத செய்தியன்று. கோல்ரிட்ஜ் டெய்லர் பெர்க்கின்சன் என்னும் இசையமைப்பாளர் பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனி வயலினுக்கென்றே 'ப்ளூஸ்' உருப்படி ஒன்றை மூன்று பகுதிகளாக இயற்றினார். அது சான்ஃபோர்டு ஆலன் என்பவருக்காக எழுதப்பட்டது. 1962இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவில் நிலையான இடம் பெற்ற முதற் கறுப்பின வயலினிஸ்ட் அவர். கூஸ்பி இதனை வாசிக்கும்போது நாதம் மிக இனிமையாகவே ஒலிக்கிறது. அத்துயரிசைக்குரிய கரகரப்பு இன்னும் சற்று இருந்திருக்கலாம் என்று கருதுவோர் இருப்பர். எனக்கும் அவ்வெண்ணம் எழுந்ததுண்டு.

வில்லியம் கிராண்ட் ஸ்டில் 1943இல் இயற்றிய தொகுதி வேறு வகைப்பட்டது. கறுப்பினக் கலைஞர் மூவரின் படைப்புகளைக் கண்டு எழுந்த இசை அது. ரிச்மண்ட் பார்த்தே வடித்த ஆப்பிரிக்க நடன மங்கை, சார்ஜென்ட் ஜான்சன் படைத்த தாயும் சேயும், அகஸ்டா சாவேஜ் வடித்த தெருச் சிறுவன் ஆகியவையே அம்மூன்று. முதற்பகுதி துள்ளுகிறது. நடுப்பகுதி தாலாட்டுப் போன்று தணிந்து செல்கிறது. மூன்றாவதில் தொப்பியணிந்த அக்குறும்புச் சிறுவனே நம் முன் நடந்து வருகிறான். கல்லிலும் மண்ணிலும் கண்டதைக் காதாற் கேட்கச் செய்யும் இவ்வித்தை, இசைத்தட்டில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த இடங்களுள் ஒன்று.

இனி, ஃபுளோரன்ஸ் பிரைஸ் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அவர் 1887இல் அர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரிற் பிறந்தார். பாஸ்டன் நகரில் இசை பயின்றார். 1933இல் அவருடைய சிம்பொனி ஒன்றைச் சிக்காகோ வாத்தியக் குழு வாசித்தது. கறுப்பினப் பெண்மணி ஒருவர் இயற்றிய சிம்பொனியை அமெரிக்கப் பெருங்குழு ஒன்று வாசித்தது அதுவே முதன்முறை. ஆயினும் அந்தப் புகழ் நிலைக்கவில்லை. 1943இல் பாஸ்டன் குழுவின் தலைவர் குசெவிட்ஸ்கிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் பெண்ணாய்ப் பிறந்ததும் கறுப்பினத்திற் பிறந்ததும் தமக்குள்ள இரண்டு தடைகள் என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டு, அவற்றை மறந்து தம் இசையை அதன் தகுதி கொண்டே மதிக்குமாறு வேண்டினார். 1953இல் அவர் மறைந்தார். அவருடைய படைப்புகளுட் பல எங்குள்ளன என்பதே தெரியாது போயிற்று.

2009ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்துச் செயின்ட் ஆன் என்னும் சிற்றூரில், பாழடைந்த வீடொன்றைப் புதுப்பிக்க முனைந்தோர் அங்கே கட்டுக் கட்டாகத் தாள்களைக் கண்டனர். மரம் விழுந்து கூரை பிளந்திருந்த வீடு அது. ஒரு காலத்தில் பிரைஸ் அம்மையார் கோடையிற் சென்று தங்கிய இல்லம். அத்தாள்களில் இருந்தவை அவருடைய கையெழுத்துப் பிரதிகள். இரு வயலின் கன்சர்ட்டோக்களும் அவற்றுள் அடங்கும். இன்னும் சில மழைக்காலங்கள் கழிந்திருந்தால் என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

கூஸ்பி தம் இசைத்தட்டில் அவ்வம்மையாரின் மூன்று உருப்படிகளுக்கு இடமளித்தார். இதற்கு முன் இசைத்தட்டில் ஏறாத படைப்புகளும் அவற்றுள் உண்டு. 'ஃபான்டசி' எனப்படும் இரு கற்பனைக் கோவைகளில், ஐரோப்பியப் பேரவைகளில் ஒலிக்கும் வயலினின் வீறும், தேவாலயத்திற் பாடிய எளிய மக்களின் பண்ணும் ஒன்றையொன்று விலக்காமல் கலந்து நிற்கின்றன. 'அடொரேஷன்' என்னும் சிறு உருப்படி முதலில் ஆர்கனுக்காக எழுதப்பட்டது. மூன்று நான்கு மணித்துளிகளே ஒலிக்கும் அதனை அவர் அவசரமின்றி, அலங்காரமின்றி வாசிக்கிறார்.

இத்தட்டின் முடிவில் துவோர்ஷாக் இயற்றிய சிறு சொனாட்டா இடம்பெறுகிறது. கறுப்பின மக்களின் இசைக்கென அமைந்த தொகுப்பில் செக் நாட்டவருக்கு இடம் எதற்கு, யூத மரபினரான கெர்ஷ்வினுக்கு இடம் எதற்கு என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. துவோர்ஷாக் 1892இல் நியூயார்க்கில் தேசிய இசைக் கல்லூரியின் தலைவராக வந்தார். அங்குப் பயின்ற ஹாரி பர்லி என்னும் கறுப்பின மாணவர் தம் முன்னோரின் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அமெரிக்க இசைக்கு அப்பாடல்களே அடித்தளமாக வேண்டும் என்று துவோர்ஷாக் 1893இல் துணிந்துரைத்தார். அதே ஆண்டில் தம் மக்கள் இருவருக்காக இச்சொனாட்டாவை எழுதினார். ஆதலின், அவரை ஈற்றில் வைத்தது கடன் வாங்கியவரை முன்னிறுத்துவது ஆகாது; கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் உணர்ந்த பிறகு அவரைச் சந்திக்கச் செய்வதாகும். அவருக்கு முன்பாக அறுபது மணித்துளி அளவும் கேட்டிராவிடினும், ஐந்தாறு இசையமைப்பாளர்களைக் கேட்டு வந்த செவிக்கு அச்சொனாட்டா புதிய பொருள் தருகிறது.

தொகுப்பின் தொடக்கத்திலோ ஒரு புத்தம் புதிய படைப்பு. சேவியர் ஃபோலி என்னும் இளங்கலைஞர் வயலினுக்கும் டபுள் பாஸுக்குமாக இயற்றிய 'ஷெல்டர் ஐலண்ட்' அது. பெர்ல்மன் குடும்பத்தாரின் இசைப் பள்ளி நடைபெறும் தீவின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. மரபு என்பது மறைந்தோரின் உடைமை மட்டுமன்று, உடன் பயின்ற தோழனும் அதில் பங்குடையவன் என்பதை அத்தேர்வு உணர்த்துகிறது.

இம்முயற்சியின் பயன் யாது? 2023இல் கூஸ்பி தம் அடுத்த தட்டைப் பிலடெல்பியா வாத்தியக் குழுவுடன் வெளியிட்டார். வயலின் பயில்வோர் யாவரும் அறிந்த மாக்ஸ் புரூக்கின் முதற் கன்சர்ட்டோவுடன், பாழ்வீட்டிற் கிடந்த பிரைஸ் அம்மையாரின் இரு கன்சர்ட்டோக்களும் அதில் ஒலித்தன. அம்மையார் 1943இல் கடிதத்தில் வேண்டியது சலுகையன்று. தம் இசையையும் பிறர் இசையோடு சரியாசனத்தில் வைத்துக் கேட்கவேண்டும் என்பதே. அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வாசனத்தை இட்டவர்களுள் ஓர் இளைஞரும் இருந்தார். இனி, கேட்டுத் தீர்ப்புக் கூறவேண்டியது நம் செவிகளின் கடமை.